கவிநிலாவின் கொலுசு

கமலக்கண்ணன் வாத்தியார் யாருக்கும் கெட்டது நினைத்தவர் இல்லை. நல்லது செய்யப் போய்த்தான் வாங்கிக் கட்டிக்கொள்வார். அன்றும் அப்படித்தான் ஆனது.

மகள் கவிநிலா ஆறு வயதில் டெங்குவில் போய், மறுநாளோடு ஒரு வருஷம். திதிக்கு வாழையிலை அறுத்து வர, மனைவி கார்குழலி தவளக்குப்பத்துத் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். நெல்லித்தோப்பு வீட்டில் தனியாக இருந்த வாத்தியார் எதற்கோ பீரோவைத் திறந்தார். குழந்தையின் கொலுசு கண்ணில் பட்டது. கன்னங்கரேலென்று இருந்தது. திதிக்கு மகளின் படத்துக்கு முன்னால் அதைப் பளபளவென்று வைத்தால் கார்குழலியின் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தார். ஒரு வருஷமாக அவள் அவரிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அதற்காக அவர் என்ன வேண்டுமானாலும் செய்வார், பாவம்.

வேலை கைவந்த வேலை. வருஷா வருஷம் பத்தாம் வகுப்பில் ஏதாவது ஒரு பெண்ணின் கறுத்த கொலுசை வாங்கி, வெளுக்க வைத்து, கைதட்டல் வாங்குவார். வேர்வையிலும் காற்றிலும் இருக்கும் கந்தகம் பிடித்துத்தான் வெள்ளி கறுக்கிறது. அலுமினியம் வெள்ளியைவிட வேகமாக வினைபுரியும் உலோகம். பக்கத்தில் வந்தால் கந்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு வெள்ளியை விட்டுவிடும்.

சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைக் கிண்ணத்தில் விரித்து, கொலுசை அதன்மேல் வைத்து, உப்பும் ஆப்ப சோடாவும் போட்டுக் கொதிநீரை ஊற்றினார். நுரை கிளம்பியது. அழுகின முட்டை நாற்றம் அடித்தது. ஜன்னலைத் திறந்துவிட்டார். பத்தே நிமிஷத்தில் கொலுசு கடையிலிருந்து வந்ததுபோல் ஆகிவிட்டது. தாளைக் கசக்கிக் குப்பை வாளியில் போட்டார்.

கார்குழலி வந்து இலைக்கட்டை இறக்கி வைத்தாள். மேஜையைப் பார்த்தாள்.

"இது யாருது?"

"நம்ம பாப்பாவுதுதான். சுத்தம் பண்ணிட்டேன், குழலி."

அவள் கொலுசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணி கண்ணியாக எதையோ தேடினாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழுக்குன்னா நெனச்சீங்க? அது அவ வேர்வ. துணியெல்லாம் தொவச்சிட்டாங்க, பாயத் தூக்கிப் போட்டுட்டாங்க. அவ ஒடம்புலேர்ந்து வந்தது இந்த வீட்டுல அது ஒண்ணுதான் இருந்துச்சு. தெனமும் தொட்டுப் பாப்பேன். ஒங்களுக்கு எங்க தெரியும்."

வாத்தியார் வேர்வையில் கந்தகம் என்று இருபது வருஷம் பாடம் நடத்தியவர். அது யாருடைய வேர்வை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நாற்றம் வந்ததும் ஜன்னலைத் திறந்து வெளியே அனுப்பியதும் அவரேதான்.

எழுந்து போய்க் குப்பை வாளியைக் கிளறினார். டீத்தூளுக்கு அடியில் தாள் கிடந்தது. உதறி, உள்ளங்கையால் நீவினார். மங்கிப்போய், அங்கங்கே பழுப்புப் படிந்திருந்தது. அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"எங்கயும் போவல, குழலி. எல்லாம் இதுல வந்துடுச்சு."

"இதுலயா?"

"ஆமா."

பரீட்சையில் ஒரு பிள்ளை அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் அடித்திருப்பார். கந்தகம் முக்கால்வாசி வாயுவாகி எப்போதோ தெருவோடு போயிருக்கும்.

கார்குழலி தாளை நாலாக மடித்தாள். பீரோவைத் திறந்து, கொலுசு இருந்த இடத்தில் வைத்துப் பூட்டினாள். பளபளத்த கொலுசு தரையிலேயே கிடந்தது.