கண்ணில் படாத சாமான்

கடைக்காரர் இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளை எடுத்து வைத்தபோது மெக்கானிக்குக்குச் சிரிப்புதான் வந்தது. மூன்று கால், தலையில் ஒரு பள்ளம், மேலே அழுது வடியும் மஞ்சள் பெயிண்ட். இதை வாங்கி யாரிடம் காட்டுவது?

"ஜாக்கி, வண்டியத் தூக்கத்தான் சார். தூக்குன வண்டியத் தாங்குறதுக்கு இது வேணும்," என்றார் கடைக்காரர்.

"அதுக்குப் பழைய வீல் ரிம் கெடக்குது. ரெண்ட அடுக்கி முட்டுக் கொடுத்தாப் போச்சு. நீங்க அந்த ஸ்பேனர் செட்டக் காட்டுங்க."

சிவப்புப் பெட்டிக்குள் ஸ்பேனர்கள் பளபளத்தன. இதே அளவுகளில் ஒரு செட் பட்டறையில் ஏற்கெனவே இருந்தது. கிரீஸ் ஏறிக் கறுத்திருந்தாலும் வேலைக்குக் குறை வைத்ததில்லை. கூட வந்திருந்த மைத்துனன் அதைச் சொல்லிப் பார்த்தான். மனைவியின் தம்பி, பத்து வருடமாக வண்டிக்கு அடியில் படுப்பவன் அவன்தான்.

"மாமா, அதான் நம்மகிட்ட இருக்கே. ஸ்டாண்ட எடுத்துக்கலாம். அடியில போனாலே பக்கு பக்குங்குது."

"மாப்ள, வர்றவன் கண்ணுல படுறது பெட்டிதான். நீ படுத்திருக்குற எடத்த எவன் குனிஞ்சு பாக்கப் போறான்? அடுத்த தடவ வாங்கிக்கலாம்."

மாமா சொன்னால் அவனிடம் மறுபேச்சு கிடையாது. பெட்டியை அவனே தோளில் சுமந்து வந்தான்.

பன்னிரண்டாம் நாள் பட்டப்பகலில் கியர்பாக்ஸைக் கழற்ற அடியில் போனான். ஒரு போல்ட் இறுகிப்போய் அடம்பிடித்தது. மூச்சைப் பிடித்து இழுத்தான். வண்டி ஆடியது, மேல் ரிம் நழுவி வண்டி அவன்மேல் இறங்கியது. அந்த நேரத்தில் மெக்கானிக் வாசலில் நின்று, வந்தவர் ஒருவருக்குப் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். "உங்கள நம்பித்தானே எந்தம்பிய அனுப்புனேன்," என்றாள் மனைவி. அதோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அவர் மறுபடி அந்தக் கடைக்குப் போனார். கேட்பதற்கு முன்பே கடைக்காரர் ஸ்டாண்டுகளை எடுத்துக் கட்டினார். "இத வாங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு ஆஸ்பத்திரியிலேர்ந்துதான் சார் வர்றாங்க," என்றார். குரலில் குத்தல் இல்லை, அலுப்புதான் இருந்தது.

மாலையில் கட்டிலருகே உட்கார்ந்து, "ஸ்டாண்டு வாங்கிட்டேன் மாப்ள," என்றார். சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சின் கேவலம் அவருக்கே உறைத்தது.

மைத்துனன் விட்டத்தைப் பார்த்தபடியே கேட்டான்.

"இனிமே யாரு மாமா அடியில படுக்கப்போறா?"

கேட்டுவிட்டு அவனே தொடர்ந்தான்.

"யாரு படுத்தாலும் சரி, மொதல்ல அத வைக்கச் சொல்லுங்க. வேல செய்யுறவன் உசுரக் காப்பாத்துற சாமானத்தான் மாமா மொதல்ல வாங்கணும். ஊருக்குக் காட்டுறதெல்லாம் அப்புறம். அன்னிக்குக் கடையிலயே நான் விடாப்பிடியாச் சொல்லியிருக்கணும். எம்மேலயும் தப்பு இருக்கு."

அவன் திட்டியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.