அக்கா தண்ணி

சுங்கை சிப்புட்டில் அந்தத் தாமான் குடியிருப்பில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று ராக்காயிக்குத் தெரியும். கருவாடு மணத்தால் மாசக் கடைசி, ஆட்டுக்கறி மணத்தால் மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று ரோட்டில் நின்றபடியே சொல்லிவிடுவாள். குப்பைப் பையின் கனத்தைப் பார்த்து விருந்தாளி வந்ததையும், கொடியில் காயும் துணியைப் பார்த்துப் புருஷன் கோபித்துக்கொண்டு போனதையும் கண்டுபிடிப்பாள். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவியவள். மரங்களை அழித்துச் செம்பனையும் வரிசை வீடுகளும் வந்துவிட்டன. விடியுமுன் எழும் பழக்கம் மட்டும் போகவில்லை. அந்த நேரத்தில் எழுந்தால் இந்தத் தாமானில் பார்ப்பதற்கு எவ்வளவோ இருந்தது.

அன்று ஜஹாங்கீர் சாப்பாட்டுக் கடைத் தொலைக்காட்சியில் கோட்டு போட்ட இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். காய்ச்சிக் குடித்தால் போதை தரும் கெத்தும் இலையைச் சட்டப்படி அனுமதிக்கலாமா, கூடாதா என்று.

“விடணும்லா,” என்றாள் ராக்காயி, யாரும் கேட்காமலே. “அது என்ன கஞ்சாவா? வெள்ளக்காரன் தோட்டத்துக்குள்ளயே கள்ளுக்கடை வச்சு ஊத்துனான். அதுக்கு ஒரு கேஸும் இல்ல. பச்ச எலக்கி மட்டும் கேஸாம்.”

ஜஹாங்கீர் தே தாரிக் தேநீரை உயர இழுத்து ஆற்றினார். “அக்கா, என் கடையில ஒருத்தன் ரொட்டி போட்டான் பாருங்க. ஒரு கிளாஸ்னுதான் ஆரம்பிச்சான். கடைசில அது உள்ள போனாத்தான் மாவுல கை வைப்பான். இல்லாட்டி ஒதறும்.”

“அவன் ஒடம்பு அப்படி. என் தம்பியப் பாரு. தூள் அடிச்சு எலும்பா கெடந்தவன். இந்த எலதான் அவன நிறுத்தி வச்சிருக்கு. வேலைக்குப் போறான், வாரான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

பக்கத்து மேசையில் இருந்த இரண்டு லோரிக்காரர்கள் கிளாசுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஜஹாங்கீர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், “சீனி கம்மிதானேக்கா?” என்று திரும்பிக்கொண்டார். ராக்காயி அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டாள்.

அவள் தம்பி பெயர் பத்துமலை. போதை மறுவாழ்வு நிலையத்திலிருந்து வந்த நாளில் அவனைச் சேர்த்துக்கொள்ள யாரும் இல்லை. பெண்டாட்டி எப்போதோ சித்தியவானில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ராக்காயிதான் முன் அறையை ஒழித்துக் கொடுத்தாள். ஒரு மீன் வியாபாரியிடம் லோரி ஓட்டும் வேலையும் அமைந்தது. ஹுத்தான் மெலிந்தாங் கடற்கரைக்குப் போய் மீன் ஏற்றி வரவேண்டும். கொஞ்ச நாளில் ஒரு பை நிறைய கெத்தும் இலையோடு வந்து அவள் தலையில் கை வைத்தான்.

“அக்கா, இது இருந்தா எனக்குத் தூள் ஞாபகம் வராது. சத்தியமா. இந்தத் தண்ணி நம்ம வாசலத் தாண்டாது.”

காய்ச்சினால் சட்டம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் காய்ச்சினாள். தம்பி குடிப்பதை ஊருக்கெல்லாம் சொன்னவள், காய்ச்சுவது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவளிடம் இருந்த ஒரே ரகசியம் அது. அந்தப் பச்சை வாடை தாங்காமல், வாசலில் வளரும் வாசனைப் பாண்டான் இலையைக் கிள்ளி முடிச்சுப் போட்டு உள்ளே இறக்கினாள். ஒரு துண்டுப் பட்டையும் சேர்த்தாள். பத்துமலை குடித்துவிட்டு, “அக்கா, இது மருந்தில்ல, பாயாசம்!” என்று சப்புக்கொட்டினான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சட்டியில் காய்ச்சியது பிறகு பெரிய சட்டியாயிற்று. பிறகு அவனே ஓர் அண்டா வாங்கி வந்தான். வாரத்துக்கு ஒரே தடவையாகக் காய்ச்சினால் அடுப்பு கேஸ் மிச்சமாம், ஐஸ் பெட்டியில் வைத்தால் கெடாதாம். அடுத்த வீட்டுக் குப்பையை எடை போட்ட ராக்காயி, தன் அடுப்பில் ஏறிய அண்டாவை எடை போடவில்லை.

ஜஹாங்கீர் கடையில் அந்தப் பேச்சு நடந்த வாரம்தான் பக்கத்து வீட்டுத் தனேஸ்வரன் வேலைக்குக் கிளம்பி, தாமான் முனையிலேயே மோட்டார் சைக்கிளோடு சாய்ந்தான். கை கால் இழுத்துக்கொண்டது, வாயில் நுரை. ஈப்போ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ராக்காயி நாலு வீட்டுக்குச் சேதி சொல்லி முடித்திருந்தாள். ஆனால் என்ன வியாதி என்று தெரியவில்லை. அது அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் மத்தியானம் தனேஸ்வரன் மனைவி குமுதா குளித்து உடை மாற்ற வீட்டுக்கு வந்தாள். இருவரும் வேலியோரம் நின்று ஊர்க்கதை பேசாத நாள் கிடையாது. ராக்காயி ரசமும் சோறும் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு நுழைந்தாள். கஷ்டத்தில் இருக்கும் வீட்டுக்குள் நுழைய ஒரு தூக்குச்சட்டி போதும்.

“டாக்டர் என்னடி சொன்னான்?”

“வலிப்பாம். தெனம் எதையோ குடிச்சிருக்காரு. தீபாவளிக்கு முன்னாடியிருந்தே. அதுல என்னமோ கலந்திருக்காம்.”

“எவன்டி வித்தான்? பேர மட்டும் சொல்லு. அவன் வீட்டு வாசல்ல போயி மானத்த வாங்கலேன்னா நான் ராக்காயி இல்ல.”

குமுதா உள்ளே போனாள். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் கிடைத்த ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பாதி இருந்தது, கலங்கிய பச்சை. மூடியைத் திறந்து ராக்காயி பக்கம் தள்ளினாள்.

ராக்காயி குனிந்து மோந்தாள்.

பாண்டான். அதற்குப் பின்னால் பட்டை. அதோடு ஒட்டிக்கொண்டு இருமல் மருந்தின் தித்திப்பு. அது மட்டும் அவள் போட்டதில்லை.

“கெத்தும் தண்ணியில பாண்டான் போடுற ஆளு இந்த ஊர்ல யாருக்கா?” என்று குமுதா கேட்டாள். குரல் ஏறவில்லை. “இதுக்குப் பேரு என்ன தெரியுமா? அக்கா தண்ணி. ஹுத்தான் மெலிந்தாங் வரைக்கும் அப்படித்தான் கேட்டு வாங்குறானுங்களாம். கட்டில்ல படுத்துக்கிட்டு இவரு சொல்றாரு, நம்ம அக்கா காய்ச்சினதுதானே, ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன்னு.”

“தம்பிக்கின்னுதான்டி காய்ச்சினேன். வித்தது சத்தியமா எனக்குத் தெரியாது.”

குமுதா சிரித்தாள். அழுதிருந்தால் ராக்காயி சமாளித்திருப்பாள்.

“பின் வீட்டு ஷாமினி முழுகாம இருக்கான்னு அவ புருஷனுக்கு முன்னாடி ஒங்களுக்குத் தெரியும். ஒங்க அடுப்புல கொதிச்சது எங்க போச்சுன்னு தெரியாதா? பாதி ஊருக்குத் தெரிஞ்சிருக்குக்கா. எனக்குத்தான் தெரியல. தெனம் வேலிகிட்ட நின்னு என்கிட்ட எல்லார் கதையும் சொன்னீங்களே. என் புருஷன் கதைய ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

பாதி ஊருக்குத் தெரியும். ஒருவர்கூட ராக்காயியிடம் மூச்சு விடவில்லை. எப்படி விடுவார்கள்? கடைக்காரியிடமே போய் அவள் கடையைப் பற்றி யார் கோள் மூட்டுவார்கள்? ஜஹாங்கீர் பார்த்த பார்வை இப்போது புரிந்தது. லோரிக்காரர்களின் சிரிப்பும்.

தூக்குச்சட்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். பத்துமலை பின்கட்டில் குந்தியிருந்தான். முன்னால் அண்டா, சுற்றிலும் காலிப் போத்தல்கள், கையில் இருமல் மருந்து. அவள் வெளியே போகும் நேரமெல்லாம் இந்த வேலைதான் நடந்திருக்கிறது.

“தனேஸ்வரன் ஆஸ்பத்திரில கெடக்கான்.”

“தெரியும்க்கா. அளவா குடிங்க மச்சான்னு நான் சொன்னேன். கேக்கல.”

“என் தலைல கை வச்சியேடா.”

“வச்சேன். அப்ப நெஜமாத்தான் வச்சேன்.” அவன் நிமிரவில்லை. “அப்புறம் ஒரு கிளாஸ் பத்தல. ரெண்டும் பத்தல. எல சும்மா வருமா? நான் குடிக்கணும்னா விக்கணும்.”

“இந்த மருந்து எதுக்கு?”

“இது இல்லாட்டி இப்பல்லாம் ஏறவே மாட்டேங்குதுக்கா.”

கடையில் தொலைக்காட்சிக்கு முன்னால் தான் சொன்ன சாட்சி இதுதான் என்று அவளுக்கு உறைத்தது. அவன் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மணிக்கட்டு மெலிந்திருந்தது. ஷாமினி நடையை வைத்தே மாசம் கண்டுபிடித்தவளுக்கு இது தெரியாமல் போயிருந்தது.

“பாலாய்ல போயி சொல்லப்போறேன்டா. போலீசு வரட்டும்.”

பத்துமலை ஒரு போத்தலை மெதுவாக மூடினான். “சொல்லு. எல கொண்டாந்தது நான். காய்ச்சினது யாரு? பாண்டான் யாரு வாசல்ல நிக்கிது? பேரே உன் பேர்லதானேக்கா ஓடுது. மொதல்ல உன்னத்தான் தூக்குவான்.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. லோரிக்கு எந்த ரோடு சுருக்கு என்று சொல்வதுபோலச் சொன்னான்.

ராக்காயி குனிந்து அண்டாவின் இரண்டு காதையும் பிடித்தாள். பால் வாளி சுமந்த தோள் அவளுடையது. வீட்டைக் கடந்து, முன்கதவைத் தாண்டி, நட்ட நடு மத்தியானத்தில் ரோட்டோரச் சாக்கடையில் அப்படியே கவிழ்த்தாள். பாண்டான் வாசம் எழுந்து வரிசை வீடுகள் முழுக்கப் பரவியது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

பத்துமலை ஓடி வந்தான். அக்காவைப் பிடித்துத் தள்ளுவான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவன் அவளைப் பார்க்கவே இல்லை. கவிழ்ந்த அண்டாவை நிமிர்த்தி, இரு கையாலும் வாய்க்குத் தூக்கி, அடியில் நின்ற கசண்டைக் குடித்தான். ரோட்டில் நின்றுகொண்டு, அத்தனை பேர் பார்க்க. தாடையில் பச்சையாக வழிந்தது.

குமுதா தன் கேட்டருகே நின்றிருந்தாள். ராக்காயி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவளிடம் போனாள்.

“பாலாய்க்குத்தான் போறேன் குமுதா. நானே சொல்லிடுறேன், நான்தான் காய்ச்சினேன்னு. உன்னயக் கூப்பிட்டுக் கேப்பான். தெரிஞ்சத எல்லாம் சொல்லு. ஒண்ணே ஒண்ணு, வித்தது எனக்குத் தெரியாதுன்னும் சொல்லு.”

குமுதா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் சொல்லலாம்க்கா. யாரு நம்புவா?”

ராக்காயி தம்பி கையிலிருந்து அண்டாவைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பாலாய் இருக்கும் பெரிய ரோட்டைப் பார்த்து நடந்தாள். முதுகுக்குப் பின்னால் பேச்சு ஆரம்பித்தது. எந்த வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. அவளாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.