பாட்டுக்கு முன்னால் எண்ணியவன்

எங்கள் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். கேட்காமல் தப்பித்திருக்க வழியே இல்லை. அது தொடங்குவதற்கு முன்னால் ஒரு குரல் “ஒ… ஒ… ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்று எண்ணுமே, அது என் மச்சானின் குரல். அப்படித் திக்கி எண்ணுவது என் யோசனை என்று மூன்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். மூன்றும் பொய்.

என் தங்கையைக் கட்டுவதற்கு முன்பே அவன் எனக்கு மச்சான்தான். பள்ளிக்கூட வயசில் கண்டவனையெல்லாம் மச்சான் என்று கூப்பிட்டேன். அதை உண்மையாக்கியவன் இவன் ஒருத்தன்தான். மெத்தைக் கடையில் விற்பனையாளன். பேச்சு திக்கும் என்பதால் வாடிக்கையாளர்களிடம் கதை அளக்க மாட்டான். “ப… படுத்துப் பாருங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வான். அந்தக் கடையிலேயே அதிகம் விற்றவன் அவன்தான். முதலாளியிடம் கெஞ்சி, விடுமுறை நாளில் கடையின் கிடங்கை எங்களுக்கு வாங்கித் தந்ததும் அவன்தான். சத்தம் வெளியே போகாமலிருக்க மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்திவைத்துப் பயிற்சி செய்தோம். நான் பாட்டு, நெட்டை கிடார், மீசை பேஸ் கிடார், மச்சான் டிரம்ஸ்.

எண்ணும்போது மட்டும் அவனுக்குத் திக்காது. குச்சிகளைத் தட்டி “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்பான், எண்ணெய் போட்ட கதவு மாதிரி வரும். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தடுக்கியதில்லை.

எங்களை ஒரு இசைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அதன் மேனேஜர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். மச்சான் டிவியில் வாயைத் திறந்தால் ஜனங்கள் சிரிப்பார்களாம், திறக்காவிட்டால் திமிர் பிடித்தவன் என்பார்களாம். நல்ல முகவெட்டோடு வேறொரு டிரம்மர் தயாராக இருக்கிறானாம். நான் கொஞ்சமாவது சண்டை போட்டேன் என்று எழுத ஆசைதான். போடவில்லை. ரெக்கார்டிங் முடிந்த பிறகு நானே அவனிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அதுவரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை. கடைசிப் பாட்டு மிச்சமிருக்கும்போது, ஸ்டுடியோ நடையில் தண்ணீர் கேன் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். மனசாட்சி உறுத்துகிறது, அதனால்தான் சொல்கிறேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். மனசாட்சியாவது மண்ணாவது. என் தொண்டையில் சிக்கிய முள்ளை எடுத்து அவன் தொண்டையில் வைத்தேன், அவ்வளவுதான்.

“இது முடிஞ்சதும் வேற ஆளைப் போடறாங்க, மச்சான்.”

“நீ எ… என்ன சொன்னே?”

“சரின்னுட்டேன்.”

அவன் தண்ணீரைக் குடித்து முடித்தான். காகிதக் கப்பை நசுக்கிக் கூடையில் போட்டான். “இன்னும் ஒரு பாட்டு இ… இருக்குல்ல, வா” என்று உள்ளே போனான்.

ஹெட்போனில் அவன் எண்ணுவது கேட்டது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ‘ஒண்ணு’ தடுக்கியது. அதற்குப் பிறகு அவன் வாசித்ததைப் போல இன்றுவரை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

பாட்டு முடிந்ததும் ஒலிப்பதிவாளர், “அந்த எண்ணிக்கையை வெட்டிடவா?” என்று கேட்டார். மேனேஜர் சிரித்தார். “இருக்கட்டும். வேணும்னு பண்ண மாதிரியே ஸ்டைலா இருக்கு.” எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இருக்கட்டும் என்றேன். மச்சான் தன் குச்சிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான்.

மூன்றே மாதத்தில் நாங்கள் எங்கேயோ போய்விட்டோம். ‘ஒ ஒ ஒண்ணு’ என்று அச்சடித்துப் பனியன் விற்றார்கள். முதல் கச்சேரியில் புது டிரம்மர் ஒழுங்காக எண்ணினான். கூட்டம் ஏமாந்து ஊளையிட்டது. அடுத்த கச்சேரியில் நானே மைக்கைப் பிடித்துத் திக்கினேன். முகத்தைக்கூட மச்சானைப் போலவே கோணினேன். அரங்கமே கூடச் சேர்ந்து திக்கியது. பிறகு சம்பளச் சண்டையில் நெட்டை போனான். மீசையை வயசாகிவிட்டது என்று நிறுத்தினார்கள். அவனுக்கு என்னைவிட ஒரு வயசு குறைவு. பழைய ஆட்களில் மிஞ்சியது நானும் அந்தத் திக்கலும்தான்.

போன மாதம் தங்கை போன் செய்தாள். “உன் மருமக ஒரே பிடிவாதம், மாமாவை மேடையில பார்க்கணுமாம். அவரே கூட்டிட்டு வர்றேங்கிறார்.”

மச்சான் முன்னால் திக்குவதில்லை என்று முடிவு செய்தேன். ஏறிய ஏணியை எட்டி உதைத்தவனுக்குத் திடீரென்று வந்த ரோஷம். அன்றைக்கு மைக்கில் தெளிவாக, “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்றேன். டிரம்மர் குச்சியைத் தூக்கியபடி என்னைப் பார்த்தானே தவிர அடிக்கவில்லை. அப்புறம் நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, எனக்கு எடுத்துக் கொடுப்பது போல, நாலாயிரம் பேரும் சிரித்துக்கொண்டே திக்கினார்கள். டிரம்மர் அவர்கள் எண்ணிக்கைக்கு அடித்தான். மூன்றாவது வரிசையில் மச்சான் நின்றான். தோளில் மகள். அவன் வாயும் அசைந்தது. அதற்கு மேல் அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

முடிந்ததும் இரண்டு பேரும் ஒப்பனை அறைக்கு வந்தார்கள். மருமகள் போட்டிருந்த அந்தப் பனியன் அவள் முழங்கால் வரை தொங்கியது. மச்சான் என் தோளைத் தட்டி, “ந… நல்லா இருந்துச்சு” என்றான்.

“மாமா, எல்லாரும் சரியாச் சொன்னாங்க, நானும் சரியாச் சொன்னேன்” என்றாள் அவள். “அப்பா மட்டும் தப்பு. சும்மா ஒண்ணுன்னு சொல்லிட்டார். எப்படிச் சொல்லணும்னு நீங்க அவருக்குச் சொல்லிக் குடுங்க.”

அவளிடம் அவன் எதையுமே சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அறையில் மேனேஜர் இருந்தார், டிரம்மர் இருந்தான், கேமராவோடு ஒரு பத்திரிகைக்காரர் இருந்தார். ‘அந்தக் குரலே உங்கப்பாவோடதுதான்டி’ என்று ஒரு வரி சொன்னால் போதும். மச்சான் என்னைப் பார்த்தான். கோபமில்லை. பாட்டைத் தொடங்கலாமா என்று கிடங்கில் என் முகத்தைப் பார்ப்பானே, அதே பார்வை. நான் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் நின்றான்.

பிறகு மகளின் கையைப் பிடித்தான். “மா… மாமா களைப்பா இருக்கார். இன்னொரு நாள் க… கத்துக்கறேன், வா.”

நானும் களைத்தவன் போலவே முகத்தை வைத்துக்கொண்டேன்.