விடாமல் அழுத்திய விசை

பரசுராமன் ராஜவேலுவின் வலது கையை உடைத்தது ஆடி இரண்டாம் வெள்ளி. எனக்கு நாள் நினைவிருக்கக் காரணம், அப்போது அவர் கடை வாசலில் நான் கீரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கீரை வாங்கிய பிறகும் நகரவில்லை என்பது வேறு விஷயம்.

பட்டுச்சேலை டிசைனைக் கம்ப்யூட்டரில் போட்டு, தறிக்கு அட்டை அடித்துக் கொடுக்கும் கடை அது. திரை முழுக்கக் கட்டங்கள். அட்டையில் துளை வேண்டிய கட்டத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்டவேண்டும்; அது கறுத்து, அடுத்த கட்டத்துக்கு நகரும். வேண்டாததை அம்புக்குறியால் தாண்டவேண்டும். நாளெல்லாம் தட்டியவன் ராஜவேலு. மயில் கழுத்தில் நாலு கட்டம் தப்பிப்போனது. தறியில் ஓடுகிற, முனையில் இரும்பு வைத்த நாடாக்கட்டையை எடுத்து, பரசுராமன் அவன் விரல்கள்மேல் இறக்கினார்.

"இடது கை இருக்குது இல்ல? அதால தட்டு. திங்கக்கிழமைக்கு மயில் முடியலன்னா அதுவும் இருக்காது."

அடுத்த கவுன்சிலர் ஆகப் போகிறவர். பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

என் பக்கத்து வீட்டு ஸ்ரீகர் ராஜவேலுவுக்கு நண்பன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு அப்பளம் மாதிரி மாடியில் காய்ந்துகொண்டிருந்தான். உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டர் பலகை ஒன்று வைத்திருந்தான். அதில் நிரல் எழுதி, யூஎஸ்பி கீபோர்டாக வேஷம் போட வைத்தான். படத்தைப் பார்த்து அதுவே தட்டும்.

"ஒவ்வொரு கட்டத்துக்கும் 'அழுத்தினேன்'னு சொல்லணும் மாமி, அப்புறம் 'விட்டுட்டேன்'னும் சொல்லணும். ரெண்டாவது வரி இல்லேன்னா அழுத்திண்டே இருக்கும்" என்றான். நான் கேட்காமலா சொல்வான்?

ஞாயிற்றுக்கிழமை அதைக் கடைக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகினார்கள். திங்கள் காலை பரசுராமன் வந்தபோது, மயில் தானாக வளர்ந்துகொண்டிருந்தது. ராஜவேலு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"கையே இல்லாம வேலை நடக்குதா?"

"ஆமாண்ணா. தப்பே வராது."

"அப்ப இந்தக் கை எனக்கு எதுக்குடா?"

ஷட்டர் இறங்கியது. இடது கையில் இரண்டு அடி விழுந்தது. முதல் அடிக்குத்தான் ராஜவேலு கத்தினான்.

அவனை ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய கையோடு, யார் செய்த வேலை என்று விசாரித்து, ஸ்ரீகரைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"அடுத்து அன்னப்பட்சி. நீ பண்ணு. இல்லன்னா உனக்கும் இதே கட்டைதான்."

ஸ்ரீகர் உட்கார்ந்தான். ஷட்டர் இடுக்கில் நான் பார்த்தேன். புதுப் படத்தை ஏற்றினான். ஒரே ஒரு வரியை அழித்தான். பலகையைப் பின்னால் செருகிவிட்டு, "ஆச்சு" என்று சொல்லி நழுவினான்.

முதல் கட்டம் கறுத்தது. அடுத்தது. அதற்கடுத்தது. அன்னப்பட்சிக்குப் பதில் திரையில் தார் ஊற்றியதுபோல் கறுப்பு ஓடியது.

தறியில் எது சிக்கினாலும் ஓங்கித் தட்டியே பழகிய மனுஷன். கீபோர்டைத் தட்டினார். நாடாக்கட்டையால் பிளந்தார். எழுத்துகள் பல் மாதிரி தெறித்தன. கறுப்பு நிற்கவில்லை. பாவம், விடாமல் அழுத்துவது பின்னால் இருக்கிற பலகை என்று அவருக்கு யார் சொல்வது? எனக்குத் தெரியும்தான். என்னைக் கேட்கவில்லையே.

"நில்லுடா!" என்று கத்தி, பழைய பெட்டி மானிட்டரின் கண்ணாடியில் முழு பலத்தோடு குத்தினார். வெடித்தது. முழங்கைவரை உள்ளே போன கையை அவரே இழுத்ததில், நரம்பு வெளியே வந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். தெருவில் வேறு யாரும் வரவில்லை. அடுத்த கட்டிலில் ராஜவேலு, இரண்டு கையிலும் மாவுக்கட்டு. பரசுராமன் தண்ணீர் தண்ணீர் என்று முனகினார்.

ராஜவேலு பக்கத்துச் சொம்பைப் பார்த்தான்.

"குடுப்பேண்ணா," என்றான். "கைதான் இல்ல."