இரவல் பேண்டில் ஒரு விமர்சகர்

ஞாயிற்றுக்கிழமை காலை, ஜெபதாஸின் பேண்டுக்குள் காலை நுழைத்துக்கொண்டு நாகேந்திரன் திண்டாடினான். மூட்டை தூக்கி உரமேறிய தொடை, நாற்காலியில் உட்கார்ந்தே பழகினவன் துணிக்குள் எப்படி அடங்கும்?

"மூச்ச உள்ள இழு நாகா," என்றான் ஜெபதாஸ். "இன்னும் இழு. ஆங், மாட்டிக்கிச்சு. அந்த ஆளு ரயில் ஏறுற வரைக்கும் விட்டுடாத."

"சிரிக்காத தாஸ். பயமா இருக்கு."

"எழுதும்போது பயமா இல்லையே."

நாகேந்திரன் சட்டையை இழுத்து இடுப்பை மறைத்துக்கொண்டான்.

திருத்தணி கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன் நாகேந்திரன். பஸ் ஸ்டாண்டு அருகே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவன் ஜெபதாஸ். கப்பலில் வேலை பார்த்த அண்ணன் ஜெபதாஸுக்கு ஒரு டேப் ரெக்கார்டர் அனுப்பிவைக்க, அந்தப் பார்சலைத் தலையில் சுமந்து வந்தவன்தான் நாகேந்திரன். வேலை செய்கிறதா என்று பார்க்க ஜெபதாஸ் ஒரு கேசட்டைப் போட்டான். மேல்நாட்டு ஹெவி மெட்டல் இசை. கூட்ஸ் வண்டிகளை ஒன்றோடொன்று கோக்கிறபோது எழுகிற சத்தத்துக்கு யாரோ தாளம் கட்டினது போல இருந்தது. நாகேந்திரன் வாசலைவிட்டு நகரவில்லை. நாள் முழுக்க மூட்டை சுமந்த உடம்புக்கு மெல்லிசை கேட்டால் அசதி இன்னும் கூடும். இந்தச் சத்தமோ அசதியைத் தூக்கி ஓரமாக வைத்தது. மறுநாளும் போய் நின்றான். அப்படி ஆரம்பித்த சிநேகம்.

எழுத்து அதற்குப் பிறகுதான் வந்தது. சர்ச் கூடத்தில் நடந்த முதியோர் கல்வி வகுப்புக்கு ஜெபதாஸ்தான் அவனை இழுத்துக்கொண்டு போனான். மீசை முளைத்து, கல்யாணமாகி, பிள்ளையும் பெற்ற பிறகு 'அம்மா, ஆடு' எழுதினான். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் அவனுக்குப் பேராசை பிடித்துக்கொண்டது. சென்னைப் பழைய புத்தகக் கடைகளில் ஜெபதாஸ் வாங்கி வரும் ஆங்கில இசைப் பத்திரிகைகளைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பான். "இந்த மாதிரி தமிழ்ல ஏன் ஒண்ணும் இல்ல?" என்று அவன் ஒருநாள் கேட்கப் போய்த்தான் 'இரும்பு' பிறந்தது.

கடையில் விற்கிற பத்திரிகை இல்லை அது. கேசட் பதிந்து அனுப்புகிறவர்களுக்கும் தபால்தலை அனுப்புகிறவர்களுக்கும் மட்டும் தபாலில் போகும். நாகேந்திரன் சொல்லச் சொல்ல ஜெபதாஸ் ஸ்டென்சில் தாளில் டைப் அடிப்பான். பிறகு பிரதி எடுக்க இன்ஸ்டிட்யூட்டின் டூப்ளிகேட்டர் கைப்பிடியை நாகேந்திரன் சுற்றுவான். மை அப்பின விரல்களோடு வீட்டுக்குப் போனால் மனைவி வள்ளியம்மாள், "கரி மூட்ட எறக்கினியா இன்னிக்கு?" என்பாள். ஆமாம் என்பான். அரக்கோணம் ரயில்வே காலனி, பெரம்பூர், ராயபுரம், கோலார் என்று எங்கிருந்தோவெல்லாம் கடிதம் வரும். 'மதிப்பிற்குரிய நாகேந்திரன் அவர்களுக்கு' என்று ஆரம்பிக்கும். எந்தக் கல்லூரியில் பேராசிரியர் என்றுகூட ஒருவர் கேட்டிருந்தார். நாகேந்திரன் இல்லையென்று எழுதவில்லை. அந்தக் கேள்வியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் மூட்டை தூக்கினான்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ராயபுரத்துப் பையன்களின் 'கருங்கல்' என்ற குழு தாங்களே பதிவு செய்த கேசட்டை அனுப்பியிருந்தது. அதில் நாகேந்திரனுக்கு ரொம்பப் பிடித்ததே டிரம்ஸ்தான். கேட்கும்போது தொடையில் விரல்கள் தானாக ஆடின. ஆனால் படித்தவர்கள் எழுதினால் எங்காவது ஒரு குத்து இருக்கும், ஆங்கிலப் பத்திரிகைகளில் அப்படித்தான் இருக்கிறது என்று அவனுக்கு ஒரு எண்ணம். யோசித்துச் சொன்னான்: "டிரம்ஸ் வாசிப்பவர் மூட்டை தூக்கப் போகலாம். கூலிக்காரன் கையில் குச்சியைக் கொடுத்தால் வேறென்ன வரும்?"

ஜெபதாஸின் விரல் நின்றது. "நாகா, இது வேணாமே."

"இருக்கட்டும் தாஸ். படிச்சவன் எழுதின மாதிரி இருக்கு."

இதழ் போய்ச் சேர்ந்த சில வாரங்களில் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அனுப்பியவன் கருங்கல் குழுவின் டிரம்ஸ்காரன் கஜபதி. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், நாகேந்திரன் அவர்கள் முன்னால் ஒருமுறை வாசித்துக் காட்ட அனுமதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தான். சண்டைக்கு வந்திருந்தால்கூட நாகேந்திரன் சமாளித்திருப்பான். அனுமதி என்ற சொல்லைப் பார்த்துத்தான் பயந்துபோனான்.

கஜபதி தகரப் பெட்டியைத் தலையில் சுமந்து ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிட்டான். கறுத்த, கட்டையான ஆள். இன்ஸ்டிட்யூட்டுக்குள் வந்து பெட்டியை இறக்கிவைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதுல நாகேந்திரன் சார் யாரு?"

ஜெபதாஸ் கண்ணால் காட்டினான். கஜபதி இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டான். நாகேந்திரன் கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். உள்ளங்கை காய்ப்பு வெளியே தெரியக்கூடாதே.

"சார், நீங்க எழுதினது தப்பில்ல சார்," என்றான் கஜபதி. "நா ஹார்பர்ல மூட்ட தூக்குறவன்தான். எங்க நைனாவும் அதான். நீங்க டேப்ப வெச்சே கண்டுபுட்சிட்டீங்க பாருங்க, அதான் ஆச்சரியமா போச்சு."

நாகேந்திரனுக்குக் காது மடல் சுட்டது.

"எங்க பசங்க அத சத்தமா படிச்சிப் படிச்சி சிரிச்சானுங்க. இப்ப என்னிய பேர் சொல்லிக் கூப்புடறதில்ல. கூலின்றானுங்க. வேற ஒரு காலேஜ் பையன வாசிக்க வெக்கலாமான்னு பேசிகினு இருக்கானுங்க. அதான் சார், விடாம பழகினேன். நீங்க கேட்டுட்டு சொல்லுங்க. தேறலன்னா குச்சிய இங்கியே போட்டுட்டுப் போறேன்."

பெட்டியிலிருந்து ஒரு சின்ன டிரம்மும் ஒரு சிம்பல் தட்டும் வெளியே வந்தன. உறை போட்டு மூடிய டைப்ரைட்டர்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தான். ஜன்னல் கதவு அதிர்ந்தது. கூட்ஸ் பெட்டிக்குச் சாய்த்த பலகை மேல் சரக்கேற்றுகிறவன் கால் வைக்கிற மாதிரி, அவசரமில்லாமல், தவறாமல் விழுந்தது ஒவ்வொரு அடியும். முன்பு டேப்பில் கேட்டதும் இதேதான். அன்றும் இது நன்றாகத்தான் இருந்தது. நாகேந்திரன் பைக்குள்ளேயே விரல்களை இறுக மூடிக்கொண்டான்.

முடித்துவிட்டு கஜபதி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"நல்ல முன்னேற்றம் தெரிகிறது," என்றான் நாகேந்திரன், தனக்கே அந்நியமாகப்பட்ட ஒரு குரலில்.

கஜபதியின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்கச் சகிக்காமல் ஜெபதாஸ் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனான்.

"சார், இத மட்டும் எழுதிட்டீங்கன்னா போதும் சார். உங்க எழுத்துன்னா பசங்களுக்கு வேத வாக்கு," என்று சொல்லிக்கொண்டே கஜபதி சாமான்களைப் பெட்டிக்குள் அடுக்கினான். துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தான். குந்தி, பெட்டியை முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்தான்.

மூட்டை தூக்குகிறவனுக்கு அந்த இடத்தில் ஒரு கை வேண்டும். நெஞ்சிலிருந்து தலைக்கு ஏற்றிவிட எதிரே ஒருத்தன் நிற்க வேண்டும். பல வருஷமாகத் தினமும் செய்கிற வேலை. நாகேந்திரன் யோசித்துச் செய்யவில்லை. பைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது, கால் அகன்றது, பெட்டியின் அடியில் கையைக் கொடுத்து ஒரே மூச்சில் ஏற்றினான். ஏற்றி முடித்ததும், விட்டுவிட்டேன், இனி பாரம் உன்னுடையது என்று ஷெட்டில் தெரிவிப்பது போலப் பெட்டியின் பக்கவாட்டில் தட்டினான். பேண்டின் தையல் விட்டுப்போன சத்தம் இருவருக்கும் கேட்டது.

கஜபதி தலையில் பெட்டியோடு அசையாமல் நின்றான். நாகேந்திரனின் உள்ளங்கையைப் பார்த்தான். பாரம் தாங்கித் தடித்த கழுத்தைப் பார்த்தான்.

"எந்த ஷெட்டு?" என்றான். 'சார்' காணாமல் போயிருந்தது.

"இங்கதான். கூட்ஸ் ஷெட்டு."

தண்ணீர்ச் சொம்போடு வந்த ஜெபதாஸ் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். கஜபதி தெருவில் இறங்கினான்.

நாகேந்திரன் பின்னாலேயே ஓடினான். "குடுப்பா, நா எடுத்துகினு வரேன்."

"வேணாம். படிச்சவரு தலையில வெக்கக் கூடாது."

பாரத்தோடு ஒருவன் முன்னே நடக்க, வெறுங்கையோடு நாகேந்திரன் பின்னே நடந்தான். கடைத்தெருவில் யாரைப் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டான். ஸ்டேஷன் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்த ஷெட்டுக் கூட்டாளி பங்காரு அவனைப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"ஏய் நாகேந்திரா! இன்னாடா இது, பேண்ட்டு கீண்ட்டு! மாப்ள மாதிரி கைவீசிகினு வர்ற, பார்ட்டி பொட்டி தூக்குது! நம்ப பொழப்புல மண்ணப் போட வந்தியா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கஜபதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிளாட்பாரத்தில் பெட்டியை இறக்கும்போது மட்டும் நாகேந்திரன் கைகொடுக்கக் கஜபதி அனுமதித்தான். ரயில் வர நேரமிருந்தது.

"ஏன்யா அப்பிடி எழுதின?" என்றான் கஜபதி.

"படிச்சவன்னு நெனச்சிக்கட்டும்னு."

"நல்லா இல்லாமதான் எழுதினியா?"

நாகேந்திரன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அன்னிக்கே நல்லாத்தான் இருந்துச்சு."

அடித்துவிடுவான் என்று நினைத்தான். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கஜபதி பெட்டி மேல் உட்கார்ந்து சும்மாட்டுத் துண்டை உதறி மடித்தான்.

"நா யாருன்னு அடுத்த எதழ்ல போட்டுடறேன்," என்றான் நாகேந்திரன். "மூட்ட தூக்குறவன்னே போட்டுடறேன்."

"போட்டு?" கஜபதி நிமிர்ந்தான். "கூலிக்காரன் எழுதினதா, அப்ப அதுவும் குப்பதான்னு அதுக்கும் சிரிப்பானுங்க. உனக்கு மனசு லேசாயிடும். எனக்கு இன்னா ஆவும்? காலேஜ் பையன் வந்து உக்காந்துக்குவான். நல்லாகீதுன்னு எழுது. படிச்சவன் மாதிரியே எழுது."

ரயில் வந்தது. கஜபதி பெட்டியைத் தானே உள்ளே தள்ளி ஏறிக்கொண்டான்.

நாகேந்திரன் திரும்பி வந்தபோது ஜெபதாஸ் புது ஸ்டென்சிலை மாட்டி வைத்திருந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு விரலை எழுத்துகளின் மேல் வைத்தான்.

"சரி, சொல்லு."

"கருங்கல் குழுவின் டிரம்ஸ் வாசிப்பைப் பற்றிச் சென்ற இதழில் வந்தது பிழை."

ஜெபதாஸ் அடித்தான். "யாரோட பிழை? காதுல சரியா விழலன்னு போடவா?"

"காது சரியாத்தான் கேட்டுச்சு."

"அப்போ?"

"பத்திரிகையோட பிழைன்னு போடு."

"பத்திரிகைன்னா நானும்தான்."

"நீதான் வேணாம்னு சொன்னியே தாஸ்."

"சொன்னேன். அப்புறம் அடிச்சதும் நாந்தான?"

நாகேந்திரன் மீதியைச் சொன்னான். பலகை மேல் கால் வைக்கிற நிதானம் என்று சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, 'கட்டுக்கோப்பான வாசிப்பு' என்றான். அவன் கேட்டது அந்தச் சொல்லுக்குள் இல்லை. ஆனால் படித்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். ராயபுரத்துப் பையன்கள் அதைத்தான் நம்புவார்கள்.

"அவ்ளோதானா? கீழ பேர் அடிக்கட்டுமா?"

"அடி."

ஜெபதாஸ் ஒவ்வொரு எழுத்தாக அடிக்க ஆரம்பித்தான். தன் பெயர் விழுவதைப் பார்க்க மாட்டாமல் நாகேந்திரன் டூப்ளிகேட்டர் பக்கம் போய் மை இருக்கிறதா என்று பார்த்தான்.