அட்டையில் இடமில்லை

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில-தமிழ் அகராதி தயாராகும் அந்த அலுவலகத்தில், தலைமைப் பதிப்பாசிரியர் பேசத் தொடங்கினால் மின்விசிறிகூட அடக்கமாகச் சுற்றும். 'பெர்சிவியர்' என்ற வினைச்சொல்லுக்குச் சென்ற பதிப்பில் அவர் தந்திருந்த பொருள்: "இடர்ப்பாடுகட்கு அஞ்சாது முனைவாற்றல் பேணியொழுகுதல்."

புதிய பதிப்புக்கு உதவிப் பதிப்பாசிரியை அந்தச் சொல்லுக்கான அட்டையில் எழுதினாள்: "விடாமல் முயல், சளைக்காமல் தொடர், தடை வந்தாலும் கைவிடாதே."

அட்டை திரும்பி வந்தது. நிராகரித்தால் காரணத்தை அட்டையின் பின்பக்கம் எழுத வேண்டும். மொழியின் மாண்புக்கு நேர்ந்த இழுக்கைப் பற்றி ஏழு வரி எழுதியிருந்தார், கொட்டை எழுத்தில்.

மறுநாள் அதே அட்டை அவர் மேசையில் இருந்தது.

"ஏம்மா, நேத்தே வேண்டாம்னேனே?"

"என் பொண்ணு உங்க அர்த்தத்தைப் படிச்சுட்டு, அதுக்கு அர்த்தம் பார்க்க இன்னொரு அகராதி கேக்கறா சார்."

"பிள்ளைங்க தரம் உயரணும்மா."

"உயரட்டும் சார். முதல்ல புரியட்டும்."

வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் அச்சேறுகிறது. அவர் கையெழுத்து விழாவிட்டால் பழைய பொருளே நிற்கும். அடுத்த பதிப்புக்குப் பத்து வருடமாகும். அதற்குள் மகள் படிப்பையே முடித்துவிடுவாள். எனவே காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அட்டையை வைத்தாள். காரணங்கள் நாளுக்கு நாள் இளைத்தன: "ஏற்பதற்கில்லை." "முன்பே கூறினேன்." "முடியாது."

"அக்கா, பாறையில போய் முட்டிக்கிறீங்களே," என்றார் மெய்ப்புத் திருத்துபவர்.

"முட்டறது என் தலை. உங்களுக்கு எங்கே வலிக்குது?"

வெள்ளி காலை தலைமைப் பதிப்பாசிரியர் பேனாவைத் திறந்து அட்டையைத் திருப்பினார். ஒரு 'ம்ஹூம்' எழுதக்கூட இடமில்லை.

"வேற அட்டை கொண்டா."

"ஒரு சொல்லுக்கு ஒரே அட்டைதான் சார். காரணம் எழுதாம நிராகரிக்கவும் கூடாது. ரெண்டும் நீங்க போட்ட விதி. சுவத்துல ஒட்டியிருக்கு."

தான் கையெழுத்திட்ட விதியை அவர் எழுந்துபோய் இரண்டு முறை வாசித்தார். மெய்ப்புத் திருத்துபவர் சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தார்.

"முனைவாற்றல்... எவ்வளவு கம்பீரமா இருந்துச்சு!" என்று முனகிக்கொண்டே தலைமைப் பதிப்பாசிரியர் கையெழுத்துப் போட்டார்.

அவள் அட்டையைக் கடைநிலை ஊழியரிடம் கொடுக்கவில்லை. தானே அச்சகத்துக்கு எடுத்துப் போனாள். அச்சகத்துக்காரர் நாற்காலி போட்டார், அவள் உட்காரவில்லை. அந்த வரி மை ஈரத்தோடு தாளில் வெளியே வரும்வரை இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றாள்.