பதினான்கு குறுக்கு

என் மனைவிதான் எறும்பு என்பது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவளுக்கு, எனக்கு, ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு.

அந்த மாத இதழின் கடைசிப் பக்கத்தில் வரும் குறுக்கெழுத்துப் புதிரை எறும்பு என்ற பெயரில் ஏழு வருஷமாகப் போடுகிறவள் அவள். மற்ற நேரத்தில் நாங்கள் இருவரும் கண்ணாடிக் கடை நடத்துகிறோம். அவள் கண்ணைச் சோதித்துப் பவர் சொல்வாள். நான் லென்ஸை அறுத்து, விளிம்பைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்துவேன்.

'யானைக்கு இன்னொரு பெயர்' என்று கேட்கிற ரகப் புதிர் இல்லை இது. குறிப்பைப் படித்தால் ஏதோ ஒன்றைச் சொல்வதுபோல் இருக்கும். கேட்பது வேறொன்றாக இருக்கும். விடையின் நேர்ப்பொருள் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும், அந்தச் சொல்லைக் கட்டுகிற வழி இன்னொரு மூலையில். பொய் சொல்லாமல் ஏமாற்ற வேண்டும் என்பதுதான் விதி. இருபது வருஷக் கல்யாணத்தில் இதற்கான பயிற்சியை அவள் என்னிடம்தான் எடுத்துக்கொண்டாள்.

அந்த மாதம் பதினான்கு குறுக்கு என்று ஒன்று போட்டிருந்தாள். 'கண்ணாடியில் விழுந்த கோடு இருந்தால்தான் கடிதம் வந்து சேரும் (4).' விடை முகவரி. கண்ணாடியில் தெரிகிற முகத்தில் விழுந்த வரி. ஒரு வாடிக்கையாளர் கீறல் விழுந்த கண்ணாடியோடு வந்து சண்டை போட்டுவிட்டுப் போன அன்று பிறந்தது. முழுசாக மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் 'விழுந்த' என்ற ஒரே ஒரு வார்த்தைக்கு. அது வேண்டுமா, வேண்டாமா? நான் பல் தேய்க்கும்போது கேட்டாள். லென்ஸ் அறுக்கும்போது கேட்டாள். வேண்டும் என்றாலும் முறைத்தாள், வேண்டாம் என்றாலும் முறைத்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் இதழ் கடைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ஒரு நிமிஷம் கழித்து அதை என் மேஜைமேல் போட்டாள்.

"ஆறு நெடுக்கு படிங்க."

படித்தேன். 'படம் பின்னால் வரும், இடம் விடவும் (4).'

"நல்லா இருக்கே."

"நான் எழுதினது இல்லைங்க. அச்சுக்குப் பக்கம் கட்டுறவருக்கு ஆசிரியர் எழுதின குறிப்பு அது. என் குறிப்பைத் தூக்கிட்டு அதை அச்சடிச்சு வச்சிருக்காங்க."

அந்த இடத்தில் வரவேண்டிய விடை நாற்காலி. அவள் எழுதியிருந்தது, நாலு கால் இருந்தும் நடக்காது என்கிற மாதிரி ஒரு சாதாரணக் குறிப்பு. கட்டத்தை நிரப்பப் போட்டது. அதற்காக அவள் அழப்போவதில்லை. ஆசிரியருக்குப் போன் செய்தாள். அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடலாம் என்றார் அவர். "ஆனா பாருங்க, படிக்கிறதுக்கு இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றும் சொன்னாராம். ஒரே மாதிரி ரசனை உள்ள ஆண்களாகத் தனக்கு வாய்ப்பதாக மனைவி சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை கூட்டம் முழுக்க இந்த ஆறைத்தான் குடைவாங்க. பதினாலை யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

"பாப்பாங்க."

"ஒருத்தர் போதும். ஒரே ஒருத்தர் பதினாலைப் பத்தி வாயைத் திறக்கட்டும். இல்லேன்னா எறும்பு இதோட சரி."

"நான் சொல்லிடறேன்."

"நீங்க கணக்குல இல்லை. நீங்க சொன்னா செல்லாது."

சொன்னதோடு நிற்கவில்லை. எதிர்காலக் குறிப்புகளை எல்லாம் எழுதிவைத்திருந்த நீல நோட்டை எடுத்து, உடைந்த ஃபிரேம்கள் போடும் அட்டைப்பெட்டியில் போட்டாள். பழைய சாமான்காரர் திங்கட்கிழமை வந்து தூக்கிக்கொண்டு போகிற பெட்டி அது.

எங்கள் குறுக்கெழுத்து வட்டம் இதழ் வந்த ஞாயிறு காலையில் கூடும். சலவைக் கடைக்கு மேலே ஒரு நீள அறை. கீழே இஸ்திரி போடுவதால் தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். இருபத்திரண்டு பேர், இருபத்தோரு ஸ்டூல், கை வைத்த ஒரே ஒரு நாற்காலி. நாற்காலியில் தலைவர். பத்திரப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் சொன்னதைப் பதிவு செய்தே முப்பது வருஷம் போய்விட்டதால், இப்போது தான் சொல்வதை மற்றவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். வட்டம் தொடங்கிப் பதினோரு வருஷமாக அவர்தான் தலைவர். தேர்தல் உண்டு. போட்டிதான் இல்லை.

அவர் எழுதிய விதிமுறைகளில் முக்கியமானது: புதிர் போட்டவர் யாரென்று கேட்கக் கூடாது, அவர் கூட்டத்தில் இருந்தாலும் தன் குறிப்புக்காகப் பேசக் கூடாது. ஒவ்வொரு குறிப்பாகப் பிரித்துப் பார்த்து, கடைசியில் கை தூக்கி, சிறந்த குறிப்புக்கு மகுடம் கொடுப்போம். மகுடம் என்றால் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் எழுதி ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருப்பது.

அன்று குறுக்குகள் முதலில் வந்தன. மனைவி மடியில் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"பதினாலு, முகவரி. எல்லாருக்கும் வந்திருக்கும். அடுத்தது பதினாறு" என்றார் தலைவர்.

ஒரு விஷயத்தை அவர் மூன்று வாக்கியத்துக்குள் முடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பேனா நின்றுவிட்டது.

பிறகு நெடுக்குகள். ஆறாவது வந்ததும் அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. குறுக்கே வெட்டிய எழுத்துகளை வைத்து நாற்காலி என்று எல்லாரும் போட்டிருந்தார்கள். ஏன் நாற்காலி என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் வழக்கமும் எங்கள் வட்டத்தில் இல்லை.

"தியேட்டரா இருக்குமோ? படம் வர்றதுக்கு முன்னாடி நாற்காலியில இடம் பிடிக்கிறது?" என்றார் பஸ் ஓட்டுநர்.

"பிடிக்கிறதுன்னு போடலையே, விடவும்னுல்ல போட்டிருக்கு" என்றார் கணக்கு டீச்சர்.

தலைவர் கண்களை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் எங்களுக்கு அரை மணி நேரம் போச்சு என்று அர்த்தம்.

"இது வெறும் குறிப்பு அல்ல நண்பர்களே. பதவியைப் பற்றிய ஒரு தரிசனம். ஒருவர் நாற்காலியில் அமர்கிறார். அவருக்குப் பின்னால், சுவரில், அவருடைய படம் வரும். எப்போது வரும்? அவர் இடம் விட்ட பிறகு. நாற்காலி என்ற சொல்லையே சொல்லாமல் நாற்காலியின் வாழ்க்கை வரலாற்றை ஐந்தே சொல்லில் எழுதிவிட்டார் எறும்பு. கையெடுத்துக் கும்பிடணும்போல இருக்கு எனக்கு."

கணக்கு டீச்சர் குறித்துக்கொண்டார். "எறும்பு வேற லெவலுக்குப் போயிட்டார்" என்றார் யாரோ. பஸ் ஓட்டுநர் தியேட்டரைக் கைவிட்டார். நான் சிரிப்பை அடக்க, தரையில் இருந்த ஒரு குண்டூசியை நெடுநேரம் தேடினேன். குண்டூசி எதுவும் இல்லை.

"நீங்க என்னம்மா சொல்றீங்க? நீங்க பேசவே மாட்டேங்கறீங்களே" என்று தலைவர் என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"அச்சுல ஏதாவது தப்பு நடந்திருக்கலாம் இல்லையா சார்?"

அறை முழுக்க ஒரு கனிவான புன்னகை பரவியது. மழலையைக் கேட்டவர்கள் சிரிப்பது மாதிரி.

"நமக்குப் புரியாததை எல்லாம் பிழைன்னு தள்ளிட்டா அப்புறம் நாம எப்ப வளர்றது? எறும்பு மாதிரி யோசிக்கப் பழகணும்மா. எடுத்த உடனே வராது. பழகப் பழக உங்களுக்கும் வரும்."

"சரிங்க சார்" என்றாள். பேனாவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. என் கண்முன் அட்டைப்பெட்டி வந்தது. பதினாலு என்ற சொல் என் தொண்டைவரைக்கும் வந்தது. செல்லாது என்பதால் திரும்பிப் போனது.

வாக்கெடுப்பு. ஆறு நெடுக்குக்குப் பத்தொன்பது கை. எங்கள் இருவரைத் தவிர, கையைக் கட்டிக்கொண்டிருந்தவர் பல் டாக்டர் ஒருவர்தான். எந்தக் குறிப்பைக் கொடுத்தாலும் முதலில் தட்டிப் பார்த்து, பிறகு குடைந்து, எங்கேயாவது சொத்தையைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். ஏழு வருஷத்தில் எறும்பை ஒருமுறைகூடப் பாராட்டியதில்லை.

"டாக்டர் கையைத் தூக்கலையே?"

"எனக்கு ஆறு புரியல."

"இவ்வளவு நேரம் விளக்கினேனே?"

"விளக்கினப்புறம்தான் புரியல."

தலைவர் முகத்தில் பதிவாளர் திரும்பி வந்தார். "அப்படின்னா உங்க ஓட்டு எதுக்குன்னு சபைக்குச் சொல்லணும்."

"பதினாலு குறுக்கு."

மனைவி அசையவில்லை. ஆனால் என் முழங்கையை அவள் விரல்கள் பிடித்திருந்தன. எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

"ரெண்டு நாள் என் மூக்குக் கண்ணாடியைக் கழட்டிக் கழட்டிக் கீறல் தேடினேன். இன்னிக்குக் காலையில ஷேவ் பண்றப்ப நிமிர்ந்து பாத்தேன், விடை எதிர்ல நிக்குது. நெத்தியில மூணு, கன்னத்துல ரெண்டு. சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். அப்புறம் எறும்பு மேல கோபம் வந்தது. அறுபது வயசை இப்படியா ஞாபகப்படுத்தறது" என்றார் டாக்டர், யாரையும் பார்க்காமல். "ஆனா ஒரு குறை."

"சொல்லுங்க" என்றார் தலைவர், ஆவலாக.

"அந்த 'விழுந்த'. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. பிடுங்கிடலாம்."

முழங்கையிலிருந்து விரல்கள் விலகின. அவ்வளவுதான், விதிமுறைகள் முடிந்தன என்று நினைத்தேன்.

"எப்படிப் பிடுங்குவீங்க டாக்டர்? வெறும் 'கண்ணாடியில் கோடு'ன்னு மொட்டையா இருந்தா யாராவது கீறலைத் தேடுவாங்களா? கீறலும் விழும், முகத்துல வரியும் விழும், கண்ணாடியில முகமும் விழும். மூணுக்கும் பொருந்துற மாதிரி ஒரு வார்த்தை கிடைக்க மூணு வாரம்..."

நான் இருமினேன். கீழே இஸ்திரி போடுகிறவருக்கே கேட்டிருக்கும்.

"...ஆகியிருக்கும், பாவம், போட்டவருக்கு" என்று முடித்தாள்.

யாருக்கும் எதுவும் படவில்லை. தலைவர் சாக்பீஸ் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் மட்டும், எங்கள் கடையில் வாங்கிய கண்ணாடிக்கு மேலாக என் மனைவியைப் பார்த்தார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற பார்வை.

"சரி. 'விழுந்த' ஆடலை. இருக்கட்டும்" என்றார்.

தலைவர் ஆறு நெடுக்கை மூன்று கலரில் எழுதி, அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார்.

"சார், இடம் விடவும்னு பின்னாடி எழுதியிருக்கே" என்றார் பஸ் ஓட்டுநர், போனைக் கையில் பிடித்தபடி.

"அது வரப்போற தலைமுறைக்கு" என்றார் தலைவர். "தலை முழுசா விழுதா பாருங்க."

படிக்கட்டில் இறங்கும்போது பின்னால் டாக்டரின் குரல் கேட்டது.

"எறும்பு யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சா ஒண்ணு சொல்லிடுங்கம்மா. மூணு நெடுக்கு சொத்தை. நல்லா அடைக்கச் சொல்லுங்க."

"தெரிஞ்சா சொல்றேன் டாக்டர்."

"பதினாலைப் பத்தி நான் பேசினதைச் சொல்ல வேண்டாம். தலைக்கனம் வந்துடும்."

வீட்டுக்குப் போகிற வழி இடது பக்கம். அவள் வலது பக்கம் திரும்பினாள். நான் கடையை எட்டும்போது ஷட்டர் பாதி ஏறியிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். நீல நோட்டு கிடைத்தது. ஒரு உடைந்த ஃபிரேமின் கை பக்கங்களுக்கு நடுவே மாட்டியிருந்தது. அதை உருவி எறிந்தாள்.

"பத்தொன்பதுக்கு ஒண்ணு. எறும்பு படுதோல்வி" என்றேன்.

"அந்தப் பத்தொன்பதும் ஆசிரியருக்கு விழுந்த ஓட்டு. எனக்கென்ன." பக்கத்தைப் புரட்டினாள். "மூணு நெடுக்கு சொத்தையாமே. அவருக்கு இருக்கு அடுத்த மாசம்."

அடுத்த இதழில் திருத்தம் வந்தது. 'சென்ற புதிரில் ஆறு நெடுக்கில் வெளியானது பக்கம் கட்டுபவருக்கான குறிப்பு. வருந்துகிறோம்.' தலைவர் அதை எழுந்து நின்று வாசித்தார். வாசித்துவிட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

"திருத்தம் என்ற பெயரில் எறும்பு நமக்கு இன்னொரு புதிர் போட்டிருக்கார்" என்றார். "யார் வருந்துகிறார்கள் என்று யோசியுங்கள்."

எல்லாரும் யோசித்தார்கள். என் மனைவி யோசிக்கவில்லை. அவள் கழுத்தை நீட்டி, இரண்டு ஸ்டூல் தள்ளி உட்கார்ந்திருந்த பல் டாக்டரின் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பென்சில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று.